சம்பந்தி கொண்டுவந்த மஞ்சள் பெட்டியும் மூன்றாம் திரையின் நிமிர்வும்

பயணிகளின் பெட்டிக்குள் பதுங்கி வரும் நெருப்பை முப்பத்தோர் ஆண்டுகள் பார்வையாலேயே தடுத்து நின்ற பெருந்தகையே! பறக்கும் ஊர்தியில் ஏறும் ஒவ்வோர் உயிரையும் தன் வீட்டு உயிராக எண்ணிக் காத்த காவலே! மூன்றாம் திரைக்கு முகமும் முகவரியும் தந்த முதல்வியே! எங்கள் அக்காவே, வணக்கம்.

இப்படி நான்கு வரி வாழ்த்திவிட்டு, அன்பானவர், பண்பானவர், நேரம் தவறாதவர் என்று இன்னும் நான்கு வரி சேர்த்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். அப்படியே எழுதும்படி மேலிடத்திலிருந்தும் சொல்லி அனுப்பினார்கள். அந்த விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள், நல்ல நாளில் எதற்கு என்றார்கள். அந்த விஷயத்தை விட்டுவிட்டு இந்த அம்மையாரைப் பாராட்டுவது, ஆளை வாசலில் நிற்க வைத்துவிட்டு அவர் செருப்புக்கு மாலை போடுவது போன்றது. எங்கள் பிரிவு ஒரு குடும்பம். குடும்பத்துப் பெண்பிள்ளை மீது படிந்த அழுக்கை அவர் வீட்டைவிட்டுப் புறப்படும் நாளிலாவது துடைக்காதவர்கள் பெரியவர்கள் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்றவர்கள்.

எனவே அக்கா பொறுத்தருள வேண்டும். இனி இம்மடல் தங்களைப் பார்த்துப் பேசாது, இந்த அவையைப் பார்த்துப் பேசும். நடந்தது தங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவர்கள் முன்வரிசையில் மெத்தை நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

விமான நிலையத்தில் எல்லோரும் அறிந்தது மேல்தளம். பெட்டியை எடை போட்டு, சீட்டு ஒட்டி, அது பெல்ட்டில் நகர்ந்ததும் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பெல்ட் ரப்பர்த் தொங்கல்களைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கும் இடம்தான் எங்கள் வீடு. சன்னல் இல்லாத நீளக் கூடம், மூன்று ஸ்கேனர்கள், அவற்றின் முன் மூன்று திரைகள், மூன்று நாற்காலிகள். இங்கே ஆளுக்குப் பெயர் கிடையாது, திரைதான் பெயர். ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே ஒரு கண்ணாடிப் பலகம் உண்டு. ஸ்கேனரின் வாய்க்குள் பெட்டி நுழைவதை அதன் வழியே பார்க்கலாம். பெட்டியின் உள்ளே இருப்பது திரையில் நிறமாகத் தெரியும். துணி, காகிதம், எண்ணெய் எல்லாம் ஆரஞ்சு, உலோகம் நீலம். ஒரு பொத்தானை அழுத்தினால் பெட்டி விமானத்துக்குப் போகும். இன்னொன்றை அழுத்தினால் திறப்பு அறைக்குப் போகும். பார்த்தும் பாராமல் இருப்பதற்கென்று மூன்றாவது பொத்தான் கிடையாது.

அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அக்கா கண்டவற்றைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலுறைக்குள் ஈதர் புட்டியைச் சுருட்டி வைத்த வேதியியல் பேராசிரியரைக் கண்டார். பாதரசம் கசியும் இரத்த அழுத்தக் கருவியைக் குழந்தையின் பால்பொடி டப்பாவோடு சேர்த்து வைத்த மருத்துவரைக் கண்டார். கழிவறை கழுவும் அமிலத்தைப் புது வீட்டுக்கென்று எடுத்துப்போன புதுமணத் தம்பதியரைக் கண்டார். சமையல் எரிவாயு உருளையைத் தலையணை உறைக்குள் போட்டுத் தைத்தே வைத்திருந்த ஒருவரையும் கண்டார். தையல் அவ்வளவு நேர்த்தியாக இருந்ததாம். இவர்களில் யாரும் தீயவர் அல்லர். எல்லோரும் வரி கட்டுகிறவர்கள், வரிசையில் நிற்கிறவர்கள். எரியக்கூடியது, வெடிக்கக்கூடியது, தனி பேட்டரி ஏதாவது இருக்கிறதா என்று மேலே கேட்டபோது எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னவர்கள். துணிமணிதான்.

எங்களுக்குக் கோபம் வருவது இங்கேதான். திருடனுக்காவது தான் செய்வது திருட்டு என்று தெரியும். இந்த நல்லவர்கள் தங்கள் நல்ல குணத்தையே அனுமதிச் சீட்டாக நீட்டுகிறார்கள். விமானத்தின் வயிற்றுக்குள் புகை கிளம்பினால் பெட்டியைத் திறந்து பார்க்க அங்கே ஆள் கிடையாது. மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவானில் இறங்கிப் போக வழியும் கிடையாது. அதைச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அக்கா ஒருநாளும் அவர்களோடு வாய்ச்சண்டை போட்டதில்லை. எடுத்துக் காட்டுவார், எடுத்து வைப்பார், அடுத்த பெட்டியைப் பார்ப்பார்.

எங்கள் பிரிவில் ஒரு முறை உண்டு. விதிப் புத்தகத்தில் அது இல்லை, நாங்களே வைத்துக்கொண்டது. தெரிந்தவர் பெட்டி கண்ணாடிக்கு அப்பால் வந்துவிட்டால் நாற்காலியில் இருப்பவர் உடனே எழுந்துவிட வேண்டும். பக்கத்துத் திரைக்காரர் வந்து உட்கார வேண்டும். எழுந்தவர் திரைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பெட்டி யாருடையது என்று வாய் திறக்கக் கூடாது. சொந்தப் பாசம் கண்ணை மறைக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதை நாங்கள் பெருமையாக நினைத்திருந்தோம். அதில் ஓர் ஓட்டை இருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அக்காவின் மகளுக்குத் திருமணம் நடந்தது. எங்கள் பிரிவிலிருந்து எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய பெட்டி வாங்கிக் கொடுத்தோம். பெட்டி பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவர்கள் வேறு என்ன வாங்குவோம்? கூட்டத்தில் தொலையக் கூடாது என்று இரண்டாம் திரைதான் கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் தேர்ந்தெடுத்தார். அதைப் பார்த்த மாப்பிள்ளையின் தந்தை, இதை இருட்டில் வைத்தால் விளக்கே வேண்டாம் போலிருக்கிறதே என்று சிரித்தார். மரச்சாமான்களுக்கு மெருகேற்றும் தொழில் அவருக்கு. கை சுத்தமானவர், சொன்ன நாளில் வேலையை முடிப்பவர். அக்காவுக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை. அவருக்கும் அக்காமேல் அப்படியே. சம்பந்தி என்ற சொல்லை அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் அழைக்கும்போது கேட்க வேண்டும், இரண்டு வீட்டின் மரியாதையும் அதில் இருக்கும்.

அக்கா ஓய்வு பெற ஏழு வாரங்கள் இருந்தபோது சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வெளியூரில் இருக்கும் இளைய மகன் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அங்கே புதிதாகச் செய்த கதவு, அலமாரிகளுக்கெல்லாம் தன் கையாலேயே மெருகு போட்டுத் தர வேண்டும் என்பது சம்பந்தியின் ஆசை. மருமகள், அதாவது அக்காவின் மகள், தன் மஞ்சள் பெட்டியை அவர்களுக்குக் கொடுத்தாள். வழியனுப்பக் கூடவே விமான நிலையத்துக்கும் வந்தாள். மேலே வழக்கமான கேள்வி கேட்கப்பட்டது. வழக்கமான பதிலும் சொல்லப்பட்டது.

காலை பத்தரை மணி. நூற்று அறுபது பேர் செல்லும் விமானம். பெட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு இறங்கின. மூன்றாம் திரையின் கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் நிறம் தெரிந்ததும் அக்கா எழுந்தார். இரண்டாம் திரை ஓடி வந்து உட்கார்ந்தார். அக்கா சுவரைப் பார்த்து நின்றார். யாருடையது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தவரே அந்த நாற்காலியில் இருந்தார்.

மூன்றாம் திரையில் இத்தனை ஆண்டுகள் இருந்தவருக்குப் பெல்ட்டின் ஓசையே போதும். பெட்டியில் துணி மட்டும் இருந்தால் பெல்ட் நிற்காது. கருவிகள் இருந்தால் சற்று நிற்கும், பார்ப்பவர் படத்தைப் பெரிதாக்கி, திருப்பி, மறுபடி பார்ப்பார். சம்பந்தி வேலைக்குப் போகிறார், கருவி இல்லாமல் போக மாட்டார் என்பது அக்காவுக்குத் தெரியும். பெல்ட் நின்று ஓட வேண்டும். அது நிற்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே அக்கா நான்கு வரை எண்ணினார். ஐந்தாவது எண்ணில் திரும்பிவிட்டார். எங்கள் முறைப்படி அது குற்றம். திரையின் மூலையில் முந்தைய பெட்டியின் படம் சிறிதாக இன்னும் மறையாமல் இருந்தது. துணிகளுக்கு நடுவே நீல விளிம்போடு ஒரு வட்டம், அதற்குள் அடர்ந்த ஆரஞ்சு. பக்கத்தில் இரண்டு குட்டிக் குப்பிகள். கீழே நெருக்கமாக அடுக்கிய உருளைகள், அவற்றின் மேல் ஊசி சிந்தியதுபோல் நீலக் கோடுகள்.

அக்கா இரண்டாம் திரையின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினார். கூடம் முழுவதும் மூன்று பெல்ட்டும் நின்றன.

"என்னடா பார்த்தே?"

"அக்கா, அது நம்ம பாப்பாவோட பெட்டிக்கா."

"பெட்டி பாப்பாவோடதுதான். உள்ளே இருக்கிறது யாரோடதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

 இரண்டாம் திரை படத்தில் ஆரஞ்சைக் கண்டார், எண்ணெய் டப்பா என்று நினைத்தார். உருளைகளைக் கண்டார், ஏதோ மருந்துப் புட்டி என்று நினைத்தார். அக்கா வீட்டுப் பெட்டியில் வேறு என்ன இருந்துவிடப் போகிறது என்ற ஒரே எண்ணம்தான். அக்கா மேல் வைத்த மரியாதையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டார். அந்நியர் பெட்டியாக இருந்திருந்தால் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்திருப்பார். எங்கள் குடும்பத்தைத் தவிர வேறெங்கும் இந்தத் தவறு நடந்திருக்காது, நடக்கவும் முடியாது.

பெட்டி திறப்பு அறைக்கு வந்தது. ஒலிபெருக்கி அழைத்ததும் சம்பந்தி வந்தார். பின்னால் சம்பந்தியம்மா, அறை வாசலில் மகள். உறவுக்காரர் பெட்டி என்பதால் அக்கா தொடவில்லை. மூத்த மேற்பார்வையாளர் திறந்தார். வேட்டி, சட்டை, இரண்டு துண்டு, சம்பந்தியம்மாவின் சேலைகள். சேலைகளின் நடுவே பிளாஸ்டிக் பையில் சுற்றி நாடா ஒட்டிய, மெருகில் கலக்கும், எளிதில் தீப்பிடிக்கும் ஒரு லிட்டர் தின்னர் டப்பா. மூடியைச் சுற்றி ஈரம். அறை முழுக்க நெடி. ஆணி அடிக்கும் கருவிக்கான எரிவாயுக் குப்பிகள் இரண்டு. துளை போடும் கருவிக்கான லித்தியம் பேட்டரிகள் ஆறு, ஒரே துணிப்பையில், ஒரு பிடி திருகாணிகளோடு. அந்தத் திருகாணிகளில் ஒன்று ஒரு பேட்டரியின் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் போதும். மீதியை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சம்பந்தியின் முகம் சிவந்துவிட்டது. வழியில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சம்பந்தி, இது என் தொழில் சாமான். முப்பது வருஷமா இதைத் தொட்டுத்தான் சாப்பிடறேன். எனக்குத் தெரியாதா இதை எப்படி வைக்கணும்னு?"

"உங்க பட்டறையில உங்களுக்குத் தெரியும் சம்பந்தி. பட்டறையில சன்னல் இருக்கு."

"அப்போ என்னைத் தப்பானவன்னு சொல்றீங்க."

"உங்களைத் தப்பானவர்னு யாரும் சொல்லல. நீங்க நல்லவர்னு இந்த டப்பாவுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

பக்கத்திலிருந்து சம்பந்தியம்மா முணுமுணுத்தார். "நான் அப்பவே சொன்னேன், என் சேலைக்கு நடுவுல வைக்காதீங்கன்னு." சம்பந்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்ன சொல்தான் இன்றுவரை ஆறவில்லை.

"இத்தனை பேர் முன்னால என் துண்டையும் வேட்டியையும் மேசையில விரிச்சுப் போட்டுட்டீங்க. பொண்ணு கொடுத்த இடத்துக்கு நீங்க பண்ற மரியாதை இது. நல்லா இருக்கு."

 வாசலில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பொருள்களை எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கட்டிக் கொடுத்தார்கள். விமானம் இருபத்திரண்டு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. சம்பந்தி ஊர் போய்ச் சேர்ந்த அன்றே மூத்த மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அந்த அம்மா வந்து மன்னிப்புக் கேட்கும்வரை நம் வீட்டிலிருந்து யாரும் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. மருமகளுக்கும் அது பொருந்தும்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தை நினைத்தால்தான் இரத்தம் கொதிக்கிறது.

ஒருமுறை விடப்பட்ட பெட்டி திரும்ப அழைக்கப்பட்டது ஏன் என்று விசாரணை வந்தது. ஒன்பது ஆண்டுகளாக இந்த நிலையத்தின் பதிவேட்டில் கறை இல்லை. அடுத்த மாதம் தணிக்கை. மேலாளர் அவர்களுக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. ஸ்கேனரில் கோளாறு, படம் தெளிவாக விழவில்லை, அதனால்தான் பெட்டி முதலில் விடப்பட்டது, பிறகு தவறுதலாக நிறுத்தப்பட்டது என்று ஓர் அறிக்கை. கீழே அக்காவின் கையொப்பம். அப்படிச் செய்தால் நிலையத்தின் பெயர் காப்பாற்றப்படும், இரண்டாம் திரையின் வேலையும் காப்பாற்றப்படும். கோளாறால் நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பயணிக்கு அலுவலகமே ஒரு கடிதம் அனுப்பும், சம்பந்தியும் குளிர்ந்துவிடுவார். எல்லோருக்கும் நன்மை. பொய் ஒன்றுதான் கூடுதல்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனது மேலாளர் அல்லர். நாங்கள்தான் போனோம். மூத்த மேற்பார்வையாளர் முன்னே நடந்தார், மூன்று பேர் பின்னே நடந்தோம். குடும்ப மானத்தைக் காக்கப் போகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே போனோம். கதவைத் திறந்த அக்காவின் கணவர், நாங்கள் மாமா என்று அழைப்பவர், எங்கள் கையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். உள்ளே வாருங்கள், காகிதம் வெளியிலேயே இருக்கட்டும், அதற்கு நாற்காலி இல்லை என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

உள்ளே மகள் இருந்தாள். மாமனார் சொல்லை மீறி, கணவருக்கும் சொல்லாமல் வந்திருந்தாள். மூத்த மேற்பார்வையாளர் தாளை மேசைமேல் வைத்து நயமாக எடுத்துச் சொன்னார். ஓய்வுக்கு ஆறு வாரம்தானே இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள் என்றார். இரண்டாம் திரைக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றும் நினைவூட்டினார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பேசியது மகள்.

"ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டுடேன். எனக்கு அந்த வீட்டுல தலை நிமிர்ந்து நடக்க முடியலம்மா."

அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்தார். பெற்றவளுக்கு அதைவிடக் கடினமான வார்த்தை இல்லை. எங்களில் ஒருவர், அவ்வளவுதான், அக்கா இறங்கிவிட்டார் என்றே நினைத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அன்னிக்கு அந்தக் கூடத்துல ஒழுங்கா வேலை செஞ்சது அந்த மெஷின் ஒண்ணுதான். அது மேல பழி போடச் சொல்றீங்க."

பிறகு அக்கா குரலை உயர்த்தாமலே விளக்கினார். கோளாறு என்று எழுதினால் நாளைக்கே ஆள் வந்து அதைத் திறப்பான், சரியாக இருப்பதைத் திருத்துவான். நாளை மறுநாள் அந்த நாற்காலியில் உட்காருகிற பிள்ளைக்குப் படம் எப்படி விழும் என்று யாருக்கும் தெரியாது. தவறு கண்ணில் இருந்தது, மனதில் இருந்தது என்று எழுதினால் அதைத் திருத்தலாம். எந்திரத்தின் தலையில் கட்டினால் அது இன்னொரு நாள் இன்னொரு மஞ்சள் பெட்டிக்குள் வரும். மகளிடம் மட்டும் ஒன்று சொன்னார்.

"உன் மாமனாரும் மாமியாரும் அந்த விமானத்துலதான் போக இருந்தாங்க. அவங்க இறங்கி வந்து என்னைத் திட்டணும்னுதான் நான் அதை நிறுத்தினேன். திட்டட்டும். நல்லா இருக்காங்க இல்ல?"

நாங்கள் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். படியில் இறங்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குடும்ப மானம் என்று நாங்கள் தூக்கிக்கொண்டு போனது என்ன என்பது அந்தப் படியில்தான் உறைத்தது.

அக்கா தன் கையால் இரண்டு பக்கம் எழுதினார். ஸ்கேனரில் கோளாறு இல்லை, தெரிந்த பெட்டி என்பதால் இரண்டாம் திரை உரிய நேரம் பார்க்கவில்லை, முறையை வகுத்தவர்களில் தானும் ஒருத்தி, அதன் ஓட்டையைக் கவனிக்காதது தன் பிழையும்கூட என்று எழுதினார். திரும்பிப் பார்த்தது முறை மீறல்தான், அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள் என்று எழுதினார். இனிமேல் பெட்டியின் வெளித்தோற்றம் பார்ப்பவருக்குத் தெரியாதபடி அந்தக் கண்ணாடிப் பலகங்களை மறைத்துவிட வேண்டும் என்றும் எழுதினார். இரண்டாம் திரைக்கு மறுபயிற்சி கொடுங்கள், வேலையை எடுக்காதீர்கள், இனி அவரைவிடக் கவனமாகப் பார்க்கிற ஆள் இந்த நிலையத்தில் கிடைக்க மாட்டார் என்பது அதன் கடைசி வரி.

அந்த இரண்டு பக்கத்தை அலுவலகம் பெற்றுக்கொள்ளவில்லை. மூன்று முறை கொடுத்தார், மூன்று முறையும் படிவம் சரியில்லை என்று திருப்பினார்கள். கையெழுத்தில்லாத அந்தக் கோளாறு அறிக்கையே கோப்பில் ஏறியது. ஸ்கேனரைத் திறந்து பார்த்த தொழில்நுட்பக்காரர் ஒரு பழுதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளுக்கும் படிவம் சரியில்லையாம். குற்றமற்ற பணிக்கு என்று ஓய்வு பெறும் எல்லோருக்கும் கொடுக்கப்படும் கேடயம் இன்று இந்த மேசையில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டோம். விசாரணை நிலுவையில் இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். விமானத்தைக் காப்பாற்றியவர் மேல் விசாரணை நிலுவையில் இருக்கிறது, பொய்யைத் தட்டச்சு செய்தவர்கள் மேல் எதுவும் நிலுவையில் இல்லை. இந்த அவை இதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பத்தி மட்டும் மேடையேறும் முன் கையால் சேர்த்தது: அக்காவின் மகள் இன்று வந்திருக்கிறாள். இரண்டாவது வரிசையில் தந்தையின் பக்கத்தில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வேண்டியது எங்கள் அம்மா இல்லை என்று புகுந்த வீட்டில் நேற்றுச் சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். மாப்பிள்ளை அவளை வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை, வண்டியிலேயே இருக்கிறார். சம்பந்தி இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் நிமிர்ந்த ஆள்தான், அவர் கோபம் எங்களுக்குப் புரிகிறது. மெத்தை நாற்காலியில் இருப்பவர்களின் மௌனம்தான் புரியவில்லை.

மீண்டும் அக்காவே, தங்களை நோக்கித் திரும்புகிறோம். இரண்டு பக்கம் உண்மை எழுதிய தங்கள் கை நலமாக இருக்கட்டும். எதையும் நான்கு எண்ணுவதற்குள் கண்டுகொள்ளும் தங்கள் காதும் கண்ணும் நூறாண்டு தெளிவாக இருக்கட்டும். மாமாவின் கிண்டல் குறையாத வீட்டில் தாங்கள் நீடு வாழ்க! பேரப் பிள்ளைகள் படியேறி வரும் நாள் விரைவில் வருக! தாங்கள் விட்டுச் செல்லும் நாற்காலியில் உட்காருபவர் எவராயினும் பெட்டியின் வெளித்தோற்றம் அவருக்குத் தெரியாதபடி, கண்ணாடிப் பலகத்துக்கு முன்னே நாங்களே கறுப்புத் தாள் ஒட்டிவிட்டோம். அனுமதி கேட்கவில்லை.

வழக்கமாக இம்மடலின் கீழே பிரிவுப் பணியாளர்கள் என்று ஒரே வரி இருக்கும். இதில் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதோடு கையொப்பமிட்டிருக்கிறோம். அப்படித்தான் வேண்டும் என்று கேட்டவர் முதலில் கையொப்பமிட்டவர்.

இரண்டாம் திரை. அந்தப் பெட்டியைச் சரியாகப் பார்க்காமல் விட்டவன்.

மூத்த மேற்பார்வையாளர். பொய்த் தாளை அக்கா வீட்டு மேசையில் வைத்தவன்.

ஒன்றாம் திரை. பேனாவின் மூடியைக் கழற்றியவன்.

திறப்பு அறைக்காரர்கள் இருவர். உடன் சென்று வாய் மூடி நின்றவர்கள்.

தொழில்நுட்பக்காரர். பழுதில்லை என்று எழுதியவன்.

இணைப்பு: அக்கா கைப்பட எழுதிய இரண்டு பக்கங்கள்.

நகல்: விசாரணைக் கோப்புக்கு. பாராட்டு மடலுக்குப் படிவம் எதுவும் இல்லை என்பதால், தபால் பிரிவு இதை இணைப்போடு இன்று காலை ஒன்பதரை மணிக்கு முத்திரையிட்டுப் பெற்றுக்கொண்டது.